டிப்போ சுவரில் ஒரு சுண்டுவிரல்

மார்ச் 3, செவ்வாய்

டிப்போ சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். பால்புதுமையினர் நினைவுச் சுவராம். பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் விரும்புகிறவர்களுக்கு இப்போது அப்படிப் பெயராம். போன வருஷம்வரை என்னோடு குடியிருந்தவள் பஸ் ஓட்டிய அதே டிப்போ. உயிரோடு இருந்தவரை அவள் டம்ளரை ஓய்வறையில் தனியாகக் கவிழ்த்து வைத்தவர்கள், இப்போது அவளையே இரண்டு ஆள் உயரத்துக்கு வரையப் போகிறார்கள். செத்தால்தான் இவர்களுக்கு மனுஷியைப் பிடிக்கும்.

நினைவுச் சுவர்க் குழுவின் தலைவி எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளை அவள் தன் அறையில் தங்க வைத்தாளாமே, ரூம்மேட் என்ற முறையில் எனக்கு ஏதாவது தெரியுமா என்றாள். தெரியுமாவா? அத்தனை பேருக்கும் சோறு வடித்துக் கொட்டியது யாராம்? முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போன அன்று, "ரூம்மேட்தானே?" என்று அரை நாள் லீவு கொடுத்த மகாராஜன்.

"கொஞ்சம் தெரியும்" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டேன். த்தூ, நானும் ஒரு ஆள்.

மார்ச் 5, வியாழன்

வரைவதற்கான படத்தை அவளுடைய அண்ணன்காரனிடம் வாங்கியிருக்கிறார்கள். ரத்த சொந்தமாம், அவன் சம்மதம் வேண்டுமாம். தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதையே வெளியில் சொல்லாதவன். சாவன்று மட்டும் முதல் ஆளாக வந்து, என்னை வாசலோடு நிறுத்தியவன்.

என் பெட்டியில் ஒரு பை நிறையப் படங்கள் கிடக்கின்றன. கொடுத்தால், உங்களிடம் எப்படி என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

வரைகிற பெண்ணுக்கு மொட்டைத் தலை, காதெல்லாம் வளையம். மொட்டை என்றே வைத்துக்கொள்கிறேன். இருட்டியதும் புரொஜெக்டரில் படத்தைச் சுவரில் விழவைத்து, வெளிச்சத்தில் தெரிவதையெல்லாம் கோடு போட்டு எடுக்கிறாள். யோசிக்கிற வேலையே கிடையாது.

இன்று பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது! அண்ணன்காரன் என்னை வெட்டி எறிந்திருக்கிறான். ஆனால் அவள் தோளில் கிடந்த என் கையை வெட்டினால் அவள் கழுத்தும் போயிருக்கும். அதனால் கையை விட்டுவிட்டான். மொட்டை அதையும் அப்படியே வரைந்து வைத்திருக்கிறாள். ஆளில்லாத கை. சுண்டுவிரல் கோணலாக.

அந்தக் கோணல் அவள் கொடுத்தது. பஸ் கதவை என் விரல் மேல் சாத்தினாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மன்னிப்பாவது கேட்பாள் என்று பார்த்தால், "படியில தொங்கினா இப்படித்தான் ஆகும்" என்று என்னையே திட்டினாள். அப்படி ஆரம்பித்த குடித்தனம்.

மார்ச் 14, சனி

குழு கூடி, இது யார் கை என்று ஆராய்ச்சி செய்ததாம். உடனே அண்ணன்காரன், என் கைதான் என்றானாம். ஆரம்பத்திலிருந்தே தங்கைக்குத் தோள் கொடுத்தவனாம். தலைவிக்குக் கண் கலங்கிவிட்டதாம். "அண்ணனின் அரவணைப்பில்" என்று கல்வெட்டுக்கு வாசகமும் தயார். இவர்களுக்கெல்லாம் வெட்கம் என்பதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் தேவலை.

இதையெல்லாம் சொன்னவள் மொட்டைதான், வர்ணம் குழைத்துக்கொண்டே.

"விரல் கோணலா இருக்கேன்னு அவர்கிட்ட கேட்டேன்க்கா. படத்துல ஏதோ கோளாறு, நேராக்கிடும்மான்னார். நாளைக்கு நேராக்கிடுவேன்."

"அதைத் தொடாதே" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மொட்டை என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பையின் காதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். டப்பாவை மூடி வைத்துவிட்டாள். யோசிக்கிற வேலையே கிடையாது என்று எழுதியதை அடித்துவிடலாமா? வேண்டாம், கிடக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

விரல் கோணலாகவேதான் இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

திறப்பு விழா. வானவில் பலூன், வானவில் கேக், வானவில் சால்வை. அவள் பார்த்திருந்தால் ஹாரனை அழுத்திக்கொண்டே ஊரைச் சுற்றியிருப்பாள்.

அண்ணன்காரன் மைக்கைப் பிடித்தான். சுவரைக் காட்டி, அந்தக் கை என் கை என்றான். முன்வரிசையில் எங்கள் முதலாளி — நினைவுச்சுவருக்கு விளம்பரம் கொடுத்தவர் ஆயிற்றே — கைதட்டினார்.

நான் எப்போது எழுந்தேன்? தெரியவில்லை. மேடைப் பக்கம்கூடப் போகவில்லை. சுவரருகே போய், கையைத் தூக்கி, அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான். சுவரில் ஒரு கோணல் விரல், பக்கத்தில் ஒரு கோணல் விரல். மைக்கைப் பிடித்திருந்த விரல்கள் ஐந்தும் நேராக இருந்தன.

முதலில் மொட்டைதான் அண்ணன்காரன் கையைப் பார்த்தாள். அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். அவன் மைக்கை மற்ற கைக்கு மாற்றினான். மடையன், அதுவும் நேராகத்தான் இருந்தது.

மார்ச் 23, திங்கள்

முதலாளி மத்தியானமே கிளம்பிவிட்டார். வேலை போனால் போகட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

கல்வெட்டை எடுத்துவிட்டார்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

சாயங்காலம் கடை அடைக்கும்போது முதலாளி சாவியைத் தேடுகிற சாக்கில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நீங்க வர வேணாம். வீட்டு ஆள் போய் ஒரு வருஷம் ஆகுதில்ல?"

ரூம்மேட் என்று சொல்லவில்லை. வீட்டு ஆள் என்றார். முழு நாள் லீவு. திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பஸ் ஸ்டாப் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.