மெழுகு வைக்காத சங்கு

14-6-88, செவ்வாய்

அந்தமான் சரக்கு வந்து இறங்கியது. மூட்டையைப் பிரித்தால் இன்னும் கடல் நாற்றம். முதலாளி கஜபதி இதை நாட்டிலஸ் என்கிறார். மண்ணூர்பேட்டைப் பட்டறையில் நாங்கள் வைத்த பெயர் வரிச்சங்கு. வெள்ளை ஓட்டின் மேல் செம்பட்டை வரிகள். உள்ளே இருந்த பிராணி வளர வளர, பழைய அறையை அடைத்துவிட்டு முன்னால் வந்து குடியிருக்குமாம். அறைச் சுவர் ஒவ்வொன்றிலும் சின்னதாக ஓர் ஓட்டை. ஆசிட் உள்ளே இறங்காதபடி என் தங்கை தாட்சாயிணி முன்னறை ஓட்டையை மெழுகு உருக்கி அடைப்பாள். நான் ஆசிட் தொட்டியில் முக்கி வரியைக் கரைப்பேன். முத்து நிறம் தெரிந்ததும் கழுவிக் கிழவர் துலுக்கானத்திடம் கொடுப்பேன். அவர் அறுக்கும் சக்கரத்தில் வைத்து நெடுக்காகப் பிளப்பார். பிளந்ததைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறது.

என் விரல் நுனியில் ரேகை இல்லை, ஆசிட் தின்றுவிட்டது.

தாட்சாவின் கழுத்தில் காயம். "கதவு இட்சிடுச்சிக்கா" என்றாள். கழுத்தில் போய் எந்தக் கதவு இடிக்கும்? அவள் புருஷனுக்கு உத்தமன் என்று பெயர் வைத்தவளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

16-6-88, வியாழன்

இன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அவசர ஆர்டர். "மெழுகு காயிற வரைக்கும் இன்னாத்துக்கு நிக்கிறீங்க? அப்படியே முக்குங்க. தண்ணி கலக்காதே, சுருக்கா முடியும்" என்று கஜபதி நின்று விரட்டினார். மெழுகு இல்லாத சங்கில் ஓட்டை வழியாக ஆசிட் அறை அறையாக இறங்கிவிட்டது. வெளியே கழுவினால் உள்ளே இருப்பது போகுமா? துலுக்கானம் சக்கரத்தில் வைத்தார். சுற்றுகிற வேகத்தில் அத்தனையும் அவர் முகத்தில் அடித்தது. இருமலுக்காகத் தலையைத் திருப்பியிருந்தார், கண் தப்பியது. இடது கன்னம் வெந்து தோல் கழன்று தொங்கியது. ஐயோ, அந்த நாற்றம்.

"அவன் நேரம்" என்றார் கஜபதி. நீங்கதானே மெழுகு வேணாம்னீங்க என்று கத்தினேன். காது கேட்காதவர் போல ரிக்‌ஷாவைக் கூப்பிடப் போனார்.

20-6-88, திங்கள்

மெழுகு வைக்காமல் இனி எதுவும் தொட்டிக்குப் போகாது. பிளப்பவர் ஒவ்வொரு சங்கையும் காதோரம் ஆட்டிப் பார்க்க வேண்டும், உள்ளே தளும்பினால் தள்ளிவைக்க வேண்டும். முதலாளிக்கு இப்போதுதான் புத்தி வந்தது.

துலுக்கானத்தின் இடத்துக்கு உத்தமன். லேத்துப் பட்டறையில் அடிதடி செய்து வெளியே வந்தவன், இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேலை கிடைத்துவிட்டது. சனியன் வீட்டோடு இருந்தது, இப்போது பட்டறைக்கும் வந்தாயிற்று.

27-6-88, திங்கள்

சோறு கொண்டுவரத் தாமதம், அவ்வளவுதான். உத்தமன் தாட்சாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கொதிக்கிற மெழுகு டப்பாவுக்குள் அழுத்தினான். எல்லோர் கண் முன்னாலும்! சங்கு எடுக்கிற இடுக்கியால் அவன் முதுகில் போட்டேன். திரும்பி என் வயிற்றில் உதைத்தான். விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் எழுந்து போட்டேன். நான்கு பேர் பிரித்தார்கள்.

"புருஷன் பொண்டாட்டி வெவகாரத்த ஊட்ல வச்சிக்குங்க" என்றார் கஜபதி.

அவள் விரல்களில் மெழுகு உறைந்திருந்தது. உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

1-7-88, வெள்ளி

தாட்சாவுக்குக் கரு கலைந்துவிட்டது. மூன்று மாதம். அடிவயிற்றிலேயே மிதித்திருக்கிறான். வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள்.

3-7-88, ஞாயிறு

தாட்சாவைப் பாரிவாக்கத்தில் எங்களைப் பெற்ற நைனா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இனி அவனோடு அனுப்ப மாட்டேன் என்று நைனா சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

10-7-88, ஞாயிறு

பெரிய மனுஷர்கள் கூடினார்கள். உத்தமன் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, பூனை மாதிரி வந்து நின்றான். வெற்றிலையில் சூடம் ஏற்றினார்கள். "இனிமே அவ மேல கைய வெச்சா இந்த நெருப்பு என்னைத் துன்னட்டும்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கூட்டத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சூடம் அணைச்சிட்டான்ல, இன்னும் இன்னாம்மா?" என்றார் நைனா.

"உன் பொண்ணு செத்தா அந்தச் சூடமா வந்து அழும்?" என்று கேட்டேன். நைனா கையை ஓங்கினார். அடிக்கவில்லை, பாதியில் இறக்கிக்கொண்டார். தாட்சா பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் சேக்காட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

11-7-88, திங்கள்

அணைத்த கையாலேயே அடித்திருக்கிறான். ஒரு நாள்கூட ஆகவில்லை.

14-7-88, வியாழன்

உத்தமன் சங்கை ஆட்டிப் பார்ப்பதே இல்லை. "கெயவன் மாதிரி காதுல வச்சி ஆட்டிகினு இருக்க நான் இன்னா பயந்தாங்கொள்ளியா?" என்கிறான்.

அதைக் கேட்டதிலிருந்து ஒரே யோசனை. மெழுகு வைப்பவள் அவள். முக்குபவள் நான். ஒன்றே ஒன்றில் மெழுகைச் சுரண்டிவிட்டால் போதாதா? சுரண்டக் கத்தியைக்கூட எடுத்தேன். கை வரவில்லை. அவனை இடுக்கியால் அடிக்க வந்த கை இதற்கு ஏன் வரவில்லை? கோபத்தில் அடிப்பது வேறு போலிருக்கிறது.

18-7-88, திங்கள்

தாட்சா வந்தபோது அவள் மேல் மண்ணெண்ணெய் வாடை. கூந்தலில்கூட. ஸ்டவ் கொட்டிவிட்டதா என்று கேட்டேன்.

"ஊத்தினான்க்கா. தீப்பெட்டி நமுத்துப் போச்சி, பத்தல. நாளைக்கு வேற வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் படுத்தான்."

இப்படித்தான் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பது போல.

பிறகு தன் கூடையைக் கொண்டுவந்து என் தொட்டியருகே வைத்தாள். மேலே இருந்த சங்கில் மெழுகு இல்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"ஏய், இதுல வைக்கலடி."

"தெரியும்க்கா."

கண்ணைத் தாழ்த்தவில்லை. புண் காயாத விரல்களைப் புடவையில் துடைத்தபடி அங்கேயே நின்றாள். மெழுகு டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வைத்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். போலீசுக்குப் போகலாம், எங்காவது ஓடிப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். முக்கினேன். தண்ணீர் கலக்காத ஆசிட். வெளியே எடுத்தபோது கனத்தது. கழுவித் துடைத்து அவன் கூடையில் மற்றதற்கெல்லாம் மேலே வைத்தேன்.

அவன் ஆட்டிப் பார்க்கவில்லை.

அந்த அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது. இரண்டு கையாலும் முகத்தைப் பிய்த்துக்கொண்டு தரையில் புரண்டான். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாளி என் காலடியில். எடுத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன்.

20-7-88, புதன்

போலீஸ் வந்து போனது. அத்தனை ஆசிட் வைத்திருக்க அனுமதி கிடையாதாம், அந்தப் பயத்தில் கஜபதியே முந்திக்கொண்டு, குடித்துவிட்டு வேலை செய்தான் என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

2-8-88, செவ்வாய்

உத்தமனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

துலுக்கானம் வேலைக்குத் திரும்பிவிட்டார். சக்கரத்தின் கீழே கிடந்த உடைந்த பாதியை எடுத்து, மெழுகின் சுவடே இல்லாத அந்த ஓட்டையை நகத்தால் தடவிப் பார்த்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து வந்து அதை என் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். சாயங்காலத்துக்குள் கரைந்துவிட்டது. எனக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை.

4-9-88, ஞாயிறு

சேக்காட்டுக்குப் போயிருந்தேன். தாட்சா அவனைக் கட்டிலில் உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புண் ஆறிக் கை நன்றாகிவிட்டது. ஒரு சுற்று சதைகூடப் போட்டிருக்கிறாள்.

"சோறு கொயஞ்சி கீது, தேவடியா" என்று கையை வீசினான். அதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள். கை சுவரில் மோதியது. வளையல் சத்தம் கேட்டுத் திரும்பி இன்னொரு தடவை வீசினான். அவள் வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, மூச்சுக் காட்டாமல் அந்தப் பக்கம் போய் நின்றாள். கரண்டியால் அவன் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். மறுபடி நகர்ந்தாள்.

"இப்ப எங்க கீறேன், சொல்லு?"

அவன் இரண்டு கையையும் காற்றில் நீட்டித் துழாவினான். நெற்றியில் ரத்தம் கோடாக இறங்கியது. தாட்சா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் இன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன்.

"இருக்கா, துன்னுட்டுப் போ" என்று தட்டு வைத்தாள்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.