கல்லுப் படிக்கிற மகளுக்கு

கல்முனை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் ஸம்றாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இங்கு சுகமாகவும் கொஞ்சம் வெட்கத்தோடும் இருக்கிறோம். வெட்கம் எதற்கென்று கீழே வரும். பேராதனைக் குளிரில் உன் இருமல் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி என்று சொன்னதைக் குடித்தாயா, அல்லது ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாயா? போனில் சொல்லாமல் உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் சொன்னால் உன் வாப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் திருத்தம் சொல்வார், "அப்பிடி இல்லகா, நான் அப்பிடிச் சொல்லல்ல" என்று. இந்தக் கதையை ஒரு முறையாவது திருத்தமில்லாமல் சொல்ல வேண்டும் என்று ஆசை. அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் ஊர்ப் புதினம். பெரியம்மாவின் மகள் பஸ்லியாவுக்குப் பெண்பிள்ளை கிடைத்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். பேர் வைப்பதில் தாய் வீட்டாருக்கும் தகப்பன் வீட்டாருக்கும் இன்னும் முடிவில்லை, அதனால் இப்போதைக்கு எல்லோரும் "சின்னவள்" என்றே கூப்பிடுகிறோம், அவள் கலியாணக் கார்டிலும் அந்தப் பேர்தான் வரும்போல இருக்கிறது. நம் பூனை வாப்பாவின் புடவைக் கடைக்கு வந்த புதுச் சாரன் கட்டுக்குள் குட்டி போட்டிருக்கிறது. அந்தக் கட்டை விற்கவும் முடியாது, கலைக்கவும் முடியாது. வாப்பா அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், ஆனால் யாரும் பார்க்காத நேரம் மீன் தலையும் கொண்டுபோய் வைக்கிறார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அன்று நீ போன் எடுத்து, பொதுப் பட்டம் செய்வதா ஸ்பெஷல் செய்வதா என்று இந்த மாதத்துக்குள் முடிவு கொடுக்க வேண்டும், எனக்குப் புவிச்சரிதவியலில் ஸ்பெஷல் கிடைத்திருக்கிறது, ஆனால் ஒரு வருடம் கூடப் படிக்க வேண்டும், காடு மலையெல்லாம் ஏற வேண்டும் என்று சொன்னாயே, அன்று வாப்பா உன்னிடம் "யோசிப்பம்" என்று மட்டும்தான் சொன்னார். போனை வைத்த பிறகுதான் யோசனை வெளியே வந்தது. புவிச்சரிதவியல் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டில் கல், மண், நிலத்துக்குக் கீழே இருக்கிறதெல்லாம் என்றேன். "கல்லுடைக்கிறதுக்கு நாலு வருசப் படிப்பா? நம்மட ஊருல ஒரு கிழமையில பழகிடுவானுகளே" என்றார். ஒரு பொம்பிளைப் பிள்ளை சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலையில் நின்றால் ஊர் என்ன சொல்லும், பொதுப் பட்டத்தோடு வந்தால் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கலாம், காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வரலாம் என்று குசினி வாசலில் நின்று எனக்கே பாடம் நடத்தினார். நீ அவரிடம் மறுத்துப் பேச மாட்டாய் என்று தெரியும்.

ஆனால் உன் வாப்பாவுக்கு ஒரு குணம். வீட்டுக்குள் வேண்டாம் என்று சொன்னதையே கடையில் பெருமையாகச் சொல்வார். கடைக்கு வந்த யாரோ ஒருவர் சீலைத் துணியைத் தடவிக்கொண்டே உன்னை விசாரித்திருக்கிறார். "மவளுக்கு ஸ்பெஷல் கிடைச்சிரிக்கி" என்றாராம் இவர். என்னத்தில் என்று கேட்க, "கல்லுல" என்றாராம். அவ்வளவுதான் சொன்னது என்று இன்று வரைக்கும் சத்தியம் பண்ணுகிறார், நானும் நம்புகிறேன். ஆனால் பக்கத்துக் கடையில் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த உன் ஷிப்லி சாச்சாவின் காதில் அது விழுந்துவிட்டது. சாச்சாவின் காதில் விழுந்தால் பள்ளி ஒலிபெருக்கியில் விழுந்த மாதிரி. "காக்காட மவள் கல்லுக்கு ஸ்பெஷலிஸ்டாம்" என்று தம்பிக்காரர் பெருமையாகச் சொல்ல, ஊர் அதைக் கேட்டு, ஊருக்குத் தெரிந்த ஒரே கல்லோடு அதைச் சேர்த்துவிட்டது. சிறுநீரகக் கல்! நீ கல்லடைப்புக்கு வைத்தியம் பார்க்கிற பெரிய டொக்டராக வரப்போகிறாய் என்று அன்று பின்னேரமே பள்ளியில் நாலு பேர் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டதற்கு, "வாய் திறக்க எனக்கு இடம் கிடைக்கல்ல" என்கிறார். கை துடைக்கிற லேஞ்சி வாங்க வந்தவருக்குக் கலியாணச் சீலை விற்கிற வாய், மகள், அது!

அது பள்ளியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் மாவடிப்பள்ளியிலிருந்து அபூசாலி ஹாஜியார் ஒரு வாழைக்குலையும் ஸ்கேன் படமுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். உனக்கு அவரைத் தெரியாது, வயல் செய்கிறவர், பெருநாளைக்கு நம் கடையில்தான் வீட்டாருக்கெல்லாம் உடுப்பு எடுப்பார். கொஞ்ச நாளாக அவருக்கு இடுப்பில் குத்து, படம் பிடித்துப் பார்த்ததில் கல். நான் பிளேன்டீ கொண்டு வரும்போது பார்க்கிறேன், உன் வாப்பா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, "கொஞ்சம் பெரிய கல்லுதான்" என்கிறார்! பிளேன்டீ தட்டம் கையிலிருந்து விழாதது என் அதிர்ஷ்டம். ஹாஜியார் பாவம், கைகட்டி இருந்து கேட்கிறார். "ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திரிக்காங்க. எனக்கு வெட்டுறதுக்குப் பயம். நான் நாளப் பிந்திப் போடுறன், மவள்ட்டக் கேட்டுச் சொல்லுங்க, வெட்டாமக் கரைக்க ஏலுமா எண்டு" என்றார். வாப்பா தலையை ஆட்டி, "இப்போதைக்குத் தண்ணி நல்லாக் குடிங்க ஹாஜியார்" என்று அனுப்பி வைத்தார்.

அவர் கேற்றைத் தாண்டியதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன வேல செஞ்சு வச்சிரிக்கீங்க? அந்த மனிசன் உங்கள நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இரிந்து என்னமும் ஆகிப் போனா, நாளைக்கு அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. அதுவரைக்கும் யாரோ தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று மட்டும்தான் அவர் மனதில் இருந்திருக்கிறது. ஹாஜியாருக்குப் போன் எடுத்தார், பதில் இல்லை. அன்றும் அடுத்த நாளும் திரும்பத் திரும்ப எடுத்தார், பதில் இல்லை. இறால் பொரித்திருந்தேன், தொடவில்லை. உன் வாப்பா இறாலைத் தொடவில்லை என்றால் உனக்கு விளங்கும்.

மூன்றாம் நாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனார். வழி நெடுகிலும் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், காற்றில் பாதிதான் எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "ஹாஜியார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றா. வாப்பா மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்கக் கூடாது மகள். அவ்வளவு கோபத்தோடு போன எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் துஆ ஓதிக்கொண்டே போனோம்.

ஆஸ்பத்திரியில் வார்ட்டு வாசலில் ஹாஜியாரின் மனைவி ஆயிஷா உம்மா கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. உரிக்கிற கையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, மௌத்து வீட்டுக்காரி தோடம்பழம் உரிப்பாளா? ஒப்பரேஷன் சொன்ன நாளிலேயே முடிந்து, ஹாஜியார் நன்றாக இருக்கிறார். நாளைப் பிந்திப் போடப் போகிறேன் என்று அவர் வீட்டில் வந்து சொன்னதும், இவ அவருடைய போனைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டா. வாப்பாவைக் கண்டதும், "குறை நினைக்காதீங்க தம்பி, உங்கட மவள் கெட்டிக்காரிதான். ஆனா படிச்சு முடிக்காத புள்ளைட கையில மாப்பிள்ளயக் குடுத்துப்போட்டு நான் வெள்ள உடுத்து இத்தா இரிக்கவா?" என்றா. நான் அந்த இடத்திலேயே அவவின் கையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டேன்.

அதோடு சும்மா திரும்பி வந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஊருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் உன் வாப்பா நேரே உள்ளே போய் ஹாஜியாரின் கட்டிலடியில் நின்று, "ஹாஜியார், மாப்புச் செய்யுங்க. எங்கட மவள் படிக்கிற கல்லு வேற. அது மலையில இரிக்கிற கல்லு. வயித்துல இரிக்கிறது இல்ல" என்றார். ஹாஜியார் இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்" என்று கெஞ்சினார். சிரித்து முடிந்ததும், "அப்ப நான் தந்த வாழக்குல?" என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அது முடிஞ்சி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், ஆயிஷா உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நில்லுங்க, நிலத்துக்குள்ள ஓடுற தண்ணியப் பத்தியும் அந்தப் புள்ள படிக்கிறாவா?" என்று என்னிடம் கேட்டா. நீ ஒரு முறை சொன்னது நினைவிருந்தது, ஓம் என்றேன். உடனே தொடங்கிவிட்டா. அவர்கள் வளவில் முன்கிணறு இனிப்பாம், பின்கிணறு வாயில் வைக்க ஏலாத உப்பாம். "ஒரே வளவு, ஒரே மழ, கூப்பிட்டாக் கேக்கிற தூரம். ஏன் இப்பிடி? மூணாவது கிணறு வெட்டுறதுக்கு உள்ளங்கையில தேங்கா வச்சுப் பாக்கிற ஆளக் கூட்டி வந்தம். தேங்கா எழும்பின இடத்துல வெட்டினம். வந்தது கடல்தான்!" என்றா. அடுத்த கட்டிலில் படுத்திருந்த கதிர்காமன் என்ற மீன்பிடிக்கிற அண்ணனும் எழும்பிக் குந்திக்கொண்டார். "எங்கட தெருவில கடலுக்குக் கிட்டக் கிடக்கிற கிணறு நல்ல தண்ணி, தள்ளிக் கிடக்கிறது உப்பு. தலைகீழாக் கிடக்கு. கேட்டா ஒருத்தருக்கும் தெரியா" என்றார். பிறகு வார்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொரு கிணறு இருந்தது மகள். தேத்தண்ணி திரைகிற கிணறு, கேத்தலில் வெள்ளை படிகிற கிணறு, மழைக்குப் பிறகு மணக்கிற கிணறு. எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள், உன்னைப் பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக. கல்லுக்கு வாய் திறந்த மனிசன் தண்ணிக்கு வாய் மூடிக்கொண்டார். கடைசியில், "எனக்குத் தெரியாது, மவள்ட்டத்தான் கேக்கணும்" என்றார். அந்த முறை அவர் சொன்னது முழு உண்மை.

திரும்பி வரும்போது வயல் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பெற்றோல் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இறங்காமல், திரும்பிப் பார்க்காமல், "ஹாஜறா, இவ்வளவு சனமும் பொறந்த நாள்லருந்து இந்தத் தண்ணியக் குடிக்கிது. ஏன் உப்பு எண்டு சொல்ல ஒரு ஆள் இல்ல. நம்மட மவளுக்கு அது விளங்குமெண்டா, அவள மறிக்க நான் யாரு?" என்றார். நான் முதுகுக்குப் பின்னால் இருந்து, அப்ப எழுதவா என்று கேட்டேன். "எழுது. நாலு வருசமும் படிக்கட்டும்" என்றார். அதனால் மகள், ஸ்பெஷலுக்கே முடிவு கொடு. கடைசி நாள் வரைக்கும் வைத்திராதே.

எனக்கு விருப்பமா என்று நீ கேட்பாய். பெருமை நிறைய இருக்கிறது. ஆனால் இன்னும் ஒரு வருடம் இந்த மேசையில் நானும் வாப்பாவும் மட்டும் ஆளையாள் பார்த்துச் சாப்பிட வேண்டுமே என்றும் இருக்கிறது. பரவாயில்லை, அவர் இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால் பொழுது போய்விடும். மலைக்குப் போகும்போது தனியாக முன்னால் போகாதே, கூட்டத்தோடு போ. தண்ணீர் கொண்டு போ, அட்டை கடித்தால் போட உப்பும் கொண்டு போ. தொழுகையைப் பிந்திப் போடாதே. இரவில் சோறு சாப்பிடு, பிஸ்கட்டைக் காட்டி என்னை ஏமாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை ஷிப்லி சாச்சா கண்டிக்குச் சாமான் எடுக்க வருகிறார், பார்சல் அவர் கையில் வரும். சாச்சாவிடம் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லிவிடாதே. பார்சலில் கருவாடும் இனிப்புக்குத் தொதலும் இருக்கிறது, அறையில் இருக்கிற சிங்களப் பிள்ளைக்கும் கொடு.

இன்னுமொரு சாமானும் இருக்கிறது. மலை ஏறுவதற்கு நல்ல சப்பாத்து வேண்டுமே என்று வாப்பா உன் பழைய செருப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனார். ஒவ்வொரு கடையிலும் அந்தச் செருப்பை மேசையில் வைத்து, இந்த அளவில் மலை ஏறுகிற சப்பாத்து இருக்கா என்று கேட்டாராம். பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லையென்று ஆண்களுடையதில் ஆகச் சின்னதை வாங்கி வந்திருக்கிறார். தோல் பலகை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. புதுச் சப்பாத்துக் கடித்தால் பிள்ளை மலையில் என்ன செய்வாள் என்று தேங்காய் எண்ணெய் பூசி, தன் காலைப் பாதி நுழைத்து, பின்னேரத்தில் விறாந்தையில் மேலும் கீழும் நடந்து பழக்குகிறார். அவருக்கு அது சின்னன். காலில் கொப்புளம் வந்துவிட்டது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இளகிவிடும் என்கிறார். இதோ பள்ளியிலிருந்து வந்துவிட்டார், சப்பாத்து எங்கே என்று கேட்கிறார், நான் இதை மடிக்கிறேன்.

அல்லாஹ் உன் கால் வைக்கிற இடத்தையெல்லாம் உறுதியாக்கி வைப்பானாக. படித்தது உனக்கும் ஊருக்கும் பிரயோசனப்பட வேண்டும், ஆமீன்.

என்றும் உன் நினைவோடு துஆச் செய்யும் உம்மா,
ஹாஜறா ஷரிபுதீன்