நடு நட்டில் அப்பிய சந்தனம்

போன இடத்திலும் யாருடைய வண்டியையாவது பிரித்துப் போட்டிருக்கும் என் பிரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் நாலு சக்கர பைக்கின் பின் சக்கரம் இப்போது ஆடுவதில்லை. நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம். நீங்களும் வண்டியைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் மனுஷர்களை விசாரிப்பீர்கள்.

வண்டி வந்த கதை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மலையின் வாழவந்தி நாட்டில் விடுதி கட்ட பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். விருந்தாளிகள் மலையில் சீறிப் பாயட்டும் என்று பந்தயத்துக்கு ஓட்டுகிற நாலு சக்கர பைக் ஒன்றை முதலில் இறக்கினார். அஸ்திவாரத்தைப் பிறகுதான் தோண்டினார். ஒரு ஐப்பசி மழையைப் பார்த்ததும் ஊர் திரும்பிவிட்டார். அஸ்திவாரத்தில் தவளைகள் குடியேறின. வண்டி ஒரு மூட்டை மிளகுக்கு மாற்றாக உங்கள் வாசலில் குடியேறியது.

ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய அந்த வண்டியைக் காட்டி என் தங்கையிடம், "பாப்பாத்தி, உன்னெ இதுலயே உக்கார வெச்சுப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். அவள் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தாள். "மொதல்ல சக்கரம் ஆடறது நிக்கட்டுங்க, அப்பறம் ஏறறேன்" என்றாள்.

ஐந்து வருஷம் அது நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு இறங்கி, சக்கரத்தின் நாலு நட்டையும் முறுக்கினீர்கள். மூலை தேய்ந்து அவை கோலிக்குண்டுகளாயின. டயர் என்றார்கள், மாற்றினீர்கள். பேரிங் என்றார்கள், அதையும் மாற்றினீர்கள். கடைசியில் கண்ணேறு என்று முடிவாயிற்று. மலையில் வேறு எவரிடமும் இல்லாத வண்டி, நியாயம்தான். ஆயுத பூஜையன்று சக்கரத்தின் நடுக்குழியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தீர்கள். ஆட்டம் கூடியது. அடுத்த வருஷம் சந்தனத்தைக் கூட்டினீர்கள். பழசைச் சுரண்டினால் சாமி குத்தம் என்பதால் அதன் மேலேயே.

போன மாசியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தபோது உங்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, "அந்தச் சக்கரத்த மட்டும் பாத்துடுங்க மச்சான்" என்றீர்கள். அப்படி ஒரு கடைசிப் பேச்சை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை காயலான் கடை லாரி வருகிறது என்று பாப்பாத்தி சொல்லி அனுப்பியதும்தான் ஓடினேன். "ஓடற வண்டின்னா மொளகு ஏத்தலாமுங்கண்ணா. ஆடற வண்டிய வாசல்ல வெச்சுட்டு, தெனமும் அவரு மொகத்தப் பாக்கறாப்பல இருக்குதுங்க" என்றாள். லாரி வந்து சேர்வதற்குள் ஆட்டம் நின்றால் வண்டி தங்கும். இல்லாவிட்டால் எடைக்குப் போகும்.

வண்டியோடு வந்த கையேடு அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. "பொஸ்தகம் படிச்சா வண்டி ஓடுமாங்க மச்சான்?" என்று என்னை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பீர்கள்! எடுத்துத் தூசி தட்டிப் படித்தேன். சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பை அச்சோடு பிடித்து வைப்பது நடுவில் இருக்கும் ஒரு பெரிய நட்டாம். எங்கே நடு? நாம் பார்த்த நடுவில் வருஷக்கணக்காகச் சந்தனம்தான் இருந்தது.

"சாமி கோவிச்சுக்காதாங்கண்ணா?"

"இத்தன வருசமா மூச்சு முட்டிக் கெடக்குது சாமி. நீ சொரண்டு கண்ணு."

அரிவாள் முனையால் சுரண்டினாள். அடுக்கடுக்காகச் சந்தனமும் குங்குமமும் உதிர்ந்தன. அடியில் நட்டு இருந்தது. விரலால் தொட்டேன், சுற்றியது. அது கழலாதபடி குறுக்கே செருகும் கம்பிப் பின் எந்த வளைவிலோ விழுந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை, சக்கரத்துக்குக் கண்ணேறு பட்டது உண்மைதான். நம் கண் ஒன்று மட்டும் அதில் படவேயில்லை.

அதற்குள் லாரி வந்துவிட்டது. காயலான் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "ஏனுங்க, இது தேறாதுங்க" என்றார். தேறுமா என்று பார்க்க அவருடைய பெரிய ஸ்பேனரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்தார். கோலிக்குண்டு நட்டுகளை உளியால் தட்டிக் கழற்றியவரும் அவரே. "நாளைக்கு எங்கடையில செய்யற வேலைதானுங்க, இங்கயே செய்யறேன்" என்றார்.

ஹப்பை உருவி அச்சைத் துடைத்துப் பார்த்தேன். ஹப்பைக் கவ்விப் பிடிக்கும் அச்சின் பற்கள் மழுங்கியிருந்தால் கதை முடிந்தது. வெளி ஓரத்தில்தான் தேய்ந்திருந்தன. உள்ளே இருந்தவை என் பற்களைவிட நன்றாக இருந்தன. கிரீஸ் தடவி ஹப்பை ஏற்றி, நட்டைப் போட்டு, ஸ்பேனரில் தண்ணீர்க் குழாயைச் செருகித் தொங்கினேன். கம்பிப் பின் நுழையும் ஓட்டை நேருக்கு வரவில்லை.

பாப்பாத்தி என்னை நகர்த்திவிட்டுக் குழாயின் மேலேயே ஏறி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் கண்ணு, எறங்கிறாத!"

"அஞ்சு வருசம் பொறுத்தவ, இப்பவா எறங்குவேன்?"

ஓட்டை நேருக்கு வந்தது. காயலான் கடைக்காரர் லாரிப் பெட்டியைக் குடைந்து ஒரு புதுப் பின்னையும் நாலு நட்டையும் எடுத்துத் தந்தார். சக்கரத்தைப் பூட்டி இரண்டு கையாலும் உலுக்கினேன். நான்தான் ஆடினேன்.

பாப்பாத்தி புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். மினிபஸ்ஸிலிருந்து கழற்றி நீங்கள் மாட்டிய கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். சுரண்டிய குங்குமம் கையிலிருந்து நெற்றியில் ஏறியிருந்தது. ஒரு வருஷமாக வெறிச்சென்று கிடந்த நெற்றி. நான் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தேன். அவள் நெற்றியைத் துடைக்கவில்லை.

கிளப்பினாள். "எப்பக் கத்துக்கிட்ட?" என்று கத்தினேன்.

"அவரு மத்தியானம் தூங்கறப்ப, வாசல்ல ராகி காயப் போடறதுக்கு இத நகத்தி நகத்தி வெச்சது ஆருன்னு நெனைச்சீங்க?"

"எங்க போற?"

"பொறந்த ஊட்டுக்கு."

"இரு, நானும் வாரேன்."

"ஒத்தச் சீட்டுங்கண்ணா. நீங்க பஸ்ஸுல வாங்க."

வெறும் லாரியோடு நின்றவருக்கு ஒரு பலாப்பழம் ஏற்றி அனுப்பினேன். பஸ் பிடித்துப் பெரக்கரை நாட்டில் என் வீடு சேர்ந்தபோது, உங்கள் மனைவி இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தாள். தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. "ஆடவே இல்லீங்கண்ணா" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

ஒன்று கேட்க வேண்டும். ஒற்றைச் சீட்டில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல்தான் சக்கரத்தை அப்படியே விட்டுவைத்தீர்களா? மலைக்கு இந்த வருஷம் செல்போன் டவர் வந்திருக்கிறது. உங்கள் பக்கம் சிக்னல் இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது.

இனி ஆயுத பூஜைக்கு முதல் நாள் நானே வந்து அந்த நட்டை முறுக்கிப் பார்ப்பேன். சந்தனம் விளக்குக்கு உண்டு, கைப்பிடிக்கு உண்டு. நடு நட்டில் ஒரு பொட்டுகூட விழாது, சத்தியம். பாப்பாத்தியின் நெற்றிக்கு மட்டும் என்னிடம் வாக்குக் கேட்காதீர்கள். அது அவள் இஷ்டம்.

கையில் கிரீஸ் இன்னும் போகாத,
உங்கள் மச்சான்,
பாப்பாத்தியின் அண்ணன்.