விதை மல்லாட்டையும் ‘செட்’டும்

அண்ணி,

இன்று கடைத்தெருவில் யாரோ மல்லாட்டை மூட்டையைச் சாய்த்தார்கள்; இங்கே அதை வேர்க்கடலை என்பார்கள். அந்தத் தூசு மூக்கில் ஏறியதும் தும்மல் வந்தது, பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

கீழ்பென்னாத்தூருக்கு நீங்கள் மருமகளாக வந்தபோது எனக்குப் பதினாலு வயது. பி.ஏ.வில் ஆங்கிலத் தாள் ஒன்று மட்டும் உங்களுக்குப் பாக்கி. அதை முடித்தால் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் வேலை. “இதான் கடைசி வாட்டி. தவறிட்டா வூட்டு வேலயப் பாத்துக்கினு கெட” என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துத்தானா மழை பெய்ய வேண்டும்? ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். மெஷினில் கொடுத்தால் விதைப் பருப்பு உடையும், கையால்தான் உரிக்க வேண்டும். விடிந்ததும் அம்மா மூட்டையைக் கூடத்தில் கொட்டினாள். “உரிச்சு முடிச்சுட்டு எங்க வேணா போ.” ஒன்பது மணி பஸ்ஸை விட்டால் பரீட்சை போச்சு.

இருவரும் உரித்தோம். நீங்களோ ‘செட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் அர்த்தங்களைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தீர்கள். “சூரியன் சாயறது. தயிர் தோயறது. சிமெண்ட் இறுகறது, அதுக்கு ‘ஹார்டன்’னும் போடலாம். தேதி குறிக்கறது, அதுக்கு ‘ஃபிக்ஸ்’.” எனக்கு எரிச்சலாக வந்தது.

“நேரமாவுது அண்ணி, கையப் பாருங்க.”

“கை அது பாட்டுக்கு உரிக்குதில்ல?”

குவியல் குறைந்தபாடில்லை. உங்கள் நகக்கண்ணில் ரத்தம். வாசலில் ஏர் பூட்டி நின்ற அண்ணன் உள்ளே வந்தார். கத்தப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் உங்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“பம்பு செட்ட வுட்டுட்டியே” என்றார். “நீ கெளம்பு. பஸ் வந்துடும்.”

ஆம்பிளை உட்கார்ந்து உரிப்பதா என்று அம்மா கத்தினாள். அண்ணன் நிமிரவேயில்லை. நீங்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினீர்கள்.

தேறினீர்கள், வேலையும் கிடைத்தது. மறுவருஷம் அம்மா என் படிப்பை நிறுத்தப் பார்த்தாள்.

“அவள நிறுத்துனா நானும் வேலைக்குப் போகல அத்தை. ரெண்டு பேருமா வூட்லயே இருக்கோம்” என்றீர்கள். அந்த வாரம் முழுக்க நீங்கள் பள்ளிக்குப் போகவில்லை. வேலை போய்விடுமோ என்று நான்தான் அழுதேன். கடைசியில், வருகிற சம்பளம் நின்றுவிடுமே என்று அம்மா இறங்கி வந்தாள்.

நான் படித்தேன், வேலைக்கும் போனேன். எனக்காக ஒருத்தி, அவ்வளவு பாடுபட்டு வாங்கின வேலையையே பணயம் வைத்தாள். அந்த நினைப்பு இருக்கிறதே அண்ணி, அது என்னை இதுவரை யார் முன்னாலும் தலைகுனிய விட்டதில்லை.