இரண்டு பாலங்களுக்கு நடுவே

ஏப்ரல் 6

ஓடெல் போன் செய்தான். இடுப்பில் ஆபரேஷனாம், இந்த வருடம் படகில் உட்கார முடியாதாம். "வேற ஆளைப் பாத்துக்கோ ஹோலிஸ், கோவிச்சுக்காதே" என்றான்.

கோபமெல்லாம் இல்லை. ஆனால் எனக்குக் கல்யாணமான மறு வருடத்திலிருந்து, மே மாதக் கடைசியில் நானும் அவனும் மேல்பாலத்தில் படகை இறக்கி, நாலு நாள் ஆற்றோடு மிதந்து, சிறுவாய் பாஸ் மீன் பிடித்துக்கொண்டே போய்க் கீழ்ப்பாலத்தில் கரையேறுவோம். ஒருவன் பின்னால் துடுப்பு, ஒருவன் முன்னால் தூண்டில். மத்தியானத்துக்கு மேல் இடம் மாறிக்கொள்வோம். அவன் வாயே திறக்க மாட்டான். அப்படி ஒரு ஆளை இந்த ஓசார்க் மலைக்காட்டில் எங்கே போய்த் தேடுவது?

ஏப்ரல் 7

தனியாகவே போனால் என்ன?

ஏப்ரல் 15

வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் ஆற்றின் வரைபடத்தை விரித்தேன். முதல் நாள் சாயங்காலம் சைகமோர் மரத்தடிக் கூழாங்கல் திட்டில் கூடாரம். மறுநாள் நீல மடு. அங்கே தண்ணீர் ஓடுவதே தெரியாது. படகு அந்தரத்தில் நிற்கிற மாதிரி நிற்கும். அடியில், பாறை நிழலுக்குள், வெண்கல நிறத்தில் ஒன்று மெல்லத் திரும்பும். அவசரமே இல்லாமல் திரும்பும். நானும் அதோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நெவா சோளரொட்டித் தட்டைக் கொண்டுவந்து மடுவின் மேலேயே வைத்தாள். "இந்தத் தடவை நான் வரேன்" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு உண்ணி கடிச்சாலே ஊரைக் கூட்டுவியே, நெவா."

"அங்கதான் ஊரே இல்லையே. யாரைக் கூட்டப் போறேன்?"

"அப்ப கீழ்ப்பாலத்துக்கு வண்டியை யாரு கொண்டுவர்றது?"

இத்தனை வருடமும் அவள்தான். எங்களை மேல்பாலத்தில் இறக்கிவிடுவாள். நாலாம் நாள் பிக்கப்பைக் கீழ்ப்பாலத்துக்கு ஓட்டி வந்து, பீச் பழப் பையோடு காத்திருப்பாள்.

"அந்த ஆத்தோட தலை தெரியும் எனக்கு, வால் தெரியும். நடுவுல என்ன இருக்குன்னு நீ சொல்லித்தான் கேட்டிருக்கேன்" என்றாள். தட்டை நகர்த்தாமலே போய்விட்டாள்.

ஏப்ரல் 16

எதற்குத் தயங்குகிறேன் என்று எழுதிப் பார்க்கிறேன். பூச்சியா? இல்லை. மழையா? இல்லை. அவள் பேச்சா? அது கொஞ்சம் உண்டு.

ஆனால் நிஜமான பயம் வேறு. நீல மடுவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டுவிட்டால்? குளிர்காலம் முழுக்க, கண்ணை மூடினால் வந்து நிற்கிற இடம் அது. அவள் ஒரு வார்த்தை அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கும் அது வெறும் தண்ணீர்தான். வேறு எங்கே போவேன்?

ஏப்ரல் 24

மண்ரோட்டைச் சமன்படுத்தும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ரோடு நீண்டு கிடந்தது, வெளிர்ப் பழுப்பாக, வளைந்து வளைந்து. எந்த வளைவில் எந்த மடு என்று யோசித்துக்கொண்டே போய் ஒரு வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டேன். அந்த அம்மாள் வாசலுக்கு வந்து, "தூங்கறதுன்னா வீட்ல தூங்குங்க சார்" என்றாள். தூங்கவில்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பெட்டியை நட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 3

சரி என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இதுதான். வேலை முடிந்து கொல்லைப்பக்கம் போனேன். புல்லில் கிடந்த படகின் முன்பக்கத்தில் நெவா உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுத் தொப்பி, கை இரண்டும் மடியில், கண் மூடியிருந்தது. எங்கேயோ மிதந்துகொண்டிருந்தாள். நான் வந்ததே தெரியவில்லை. சத்தமில்லாமல் திரும்பி, முன்வாசல் வழியாக இருமிக்கொண்டே உள்ளே வந்தேன்.

மே 18

ஏற்பாடு இப்படி: முதலில் என் பிக்கப்பைக் கீழ்ப்பாலத்தில் நிறுத்திப் பூட்டிவிடுவது. அப்புறம் நெவாவின் காரில், கூரைமேல் படகைக் கட்டிக்கொண்டு மேல்பாலத்துக்குப் போவது. நாலாம் நாள் கரையேறும்போது பிக்கப் தயாராக நிற்கும்.

"வண்டி விஷயம் என்னோடது. நீ சாப்பாட்டை மட்டும் பாரு" என்றேன்.

"நீயா?" என்றாள்.

மே 22

நல்ல மழை. ஆறு காப்பி நிறம். காத்திருக்க வேண்டியதுதான்.

மே 27, சைகமோர் திட்டு

தண்ணீர் தெளிந்துவிட்டது. காலையில் கீழ்ப்பாலத்தில் பிக்கப்பைப் பூட்டியபோது குளிர் நடுக்குகிற பனிமூட்டம். மேல்பாலம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி அவள் காரின் பின்சீட்டில் எறிந்தேன், படகைத் தள்ளினேன். அவள் முன்னால், நான் பின்னால்.

முதல் வளைவு தாண்டியதும் திரும்பி என் சட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

பன்றிக்கறி வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். உண்ணி கடித்தது, என்னைத்தான்.

மே 28, நீல மடு

பாறையைச் சுற்றிப் படகு திரும்பியதும் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். படகு தானாகப் போய் நின்றது. நெவா வெகுநேரம் பார்த்தாள்.

"நான் நெனச்சதை விடச் சின்னது" என்றாள்.

என்ன சொல்வது? ஆமாம், சின்னதுதான்.

"ஆனா இந்தச் சத்தம்... பாறைக்குள்ள எங்கேயோ தண்ணி விழுது பாரு. இதை நீ சொல்லவேயில்லையே, ஹோலிஸ்?"

எந்தச் சத்தம்? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இருந்தது. பாறைக்கு உள்ளே, ஆழத்தில், யாரோ குடத்திலிருந்து குடத்துக்கு ஊற்றுகிற மாதிரி. இத்தனை வருடமும் தூண்டில் நரம்பையே பார்த்துக்கொண்டு இதைக் கேட்காமல் போயிருக்கிறேன். நிழல் மறு கரைக்குப் போகும்வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவள் தூண்டிலை வீசினாள். ஒரு சிறுவாயன் எகிறி, தண்ணீருக்கு மேலே வெண்கலமாக ஒருமுறை மின்னியது. இரண்டு கையாலும் பிடித்து, "போடா கண்ணா" என்று அதைத் திரும்ப விட்டாள். மடு இப்போது எனக்கு முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது.

மே 29

நாள் முழுக்கப் பேசினாள். படகும் போனது, மீனும் கடித்தது.

மே 30, கீழ்ப்பாலம்

பிக்கப் நிற்கிறது. பூட்டியிருக்கிறது. சாவி என் ஜாக்கெட் பையில். ஜாக்கெட் மேல்பாலத்தில், அவள் காரின் பின்சீட்டில்.

எல்லாப் பையையும் இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். வண்டி விஷயம் என்னோடதுன்னு பெருசா சொன்னேனே, இதுதான் லட்சணமா? நெவா கூழாங்கல்லில் உட்கார்ந்து செருப்பில் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எது?"

"சாவி ஜாக்கெட்லன்னு. முதல் வளைவுலயே பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நாலு நாளும் நீ சாவியைத்தான் பாத்துட்டிருப்பே. ஆத்தைப் பாத்திருக்க மாட்டே."

இவள் வந்தால் என் ஆறு கெட்டுவிடும் என்று ஏப்ரல் முழுக்கப் பயந்தவன் நான்.

போனில் சிக்னல் இல்லை. மேல்பாலம் பக்கம் போகிற வைக்கோல் வண்டி ஒன்று நின்றது. நானே போகிறேன் என்றேன். "என் காரை நான் எடுத்துட்டு வரேன். நீ படகைப் பாத்துக்கோ. இங்க உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்" என்று சொல்லி ஏறிப் போய்விட்டாள்.

பாலத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து ஒரே ஒரு வளைவுதான் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் இருக்கிறது, சைகமோர், நீல மடு, அந்தச் சத்தம். இந்தப் பக்கம் ஒன்றுமே வருவதில்லை, தண்ணீரைத் தவிர. வருடா வருடம் அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், மடியில் பையை வைத்துக்கொண்டு. நாங்கள் தாமதமாக வந்த வருடங்களிலும்.

ஜூன் 14

ஓடெல் போன் செய்தான். ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறானாம். அடுத்த மே மாதம் படகேறத் தயார் என்றான்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா உனக்கு வேற வேலை வெச்சிருக்கேன். எங்களை மேல்பாலத்துல எறக்கிவிட்டுட்டு, நாலாம் நாள் பிக்கப்பைக் கீழ்ப்பாலத்துக்குக் கொண்டுவரணும்."

அவன் பேசாமலிருப்பது எனக்குப் பழக்கம்தான், காத்திருந்தேன்.

"சாவியை யாருகிட்ட வாங்கிக்கணும்?" என்றான்.

நெவாவிடம் என்று சொன்னேன்.