அக்காவின் மதிய நிகழ்ச்சி

அன்புள்ள அக்காவுக்கு,

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது. பாஸ். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு நீ போனையே எடுப்பதில்லை என்று அத்தான் சொன்னார், அதனால்தான் இந்தக் கடிதம்.

வானொலி நேயர்களைப் பற்றிய ஆய்வு என்பதால், உன் மதிய நிகழ்ச்சியின் பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஸ்கூல் பையோடு உட்கார்ந்திருப்பேனே, அந்த நாட்களில் பேசியது. பாட்டு ஓட ஆரம்பித்ததும் மைக்கை அணைத்துவிட்டு எனக்குப் பழிப்புக் காட்டுவாய். அது பதிவில் இல்லை, எனக்கு மட்டும் தெரிந்தது.

அதுவரை என்னைக் கேள்வியால் துளைத்தெடுத்த தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க அம்மா சமைக்கும்போது இந்தக் குரல்தான் வீட்ல கேட்கும். இன்னொரு தடவை போடுங்கம்மா," என்றார். பிறகு, "இவங்க இப்ப எந்த ஸ்டேஷன்ல பேசுறாங்க?" என்று கேட்டார்.

"வீட்ல இருக்காங்க சார்," என்றேன். பதிவை மறுபடி ஓடவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவை மட்டும் திற. சின்ன வயசிலிருந்து நீ பேசினாய், நான் கேட்டேன். இனி நான் வாய் ஓயாமல் பேசுகிறேன், நீ தலையாட்டினால் போதும்.

ஊசி போடத் தெரியாத டாக்டர்,
உன் தங்கை