கைராசிக்காரரின் டிராக்டர்

வாசலில் தம்பி பைக் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். அவள் ஒரு கையால் பையை மூடியபடியே, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணவனுக்கு அவசரமாகக் கிறுக்கினாள்.

“சாப்பாடு அடுப்புமேல மூடியிருக்கு. பின்கதவுச் சாவி ஆணியில தொங்குது. நான் தம்பி வீட்டுக்குப் போறேன். பீப்பாய்ல ரொம்ப நாள் கிடந்த டீசல்ல தண்ணி சேர்ந்து, கசடு கட்டி, அவன் டிராக்டர் இன்ஜினே போச்சுன்னு மெக்கானிக் கையை விரிச்சிட்டார். அறுவடை பாதியில நிக்குது.

டீசல் கெட்டுப்போகாம இருக்கக் கலக்குற மருந்தை அவன் வாங்கப் போனப்ப தடுத்தது நீங்கதானாமே? எனக்கு நேத்துதான் தெரியும். ‘வண்டிக்கு எதுக்குடா டானிக்? என் வண்டியைப் பாரு, மருந்தே இல்லாம குதிரையாட்டம் ஓடுது’ன்னீங்களாம். மாமா சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டான். அவனையே நேத்து அத்தனை பேர் முன்னாடி, ‘வண்டி வச்சுக்கத் துப்பில்லாதவன்’னு சொல்லிச் சிரிச்சீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

“அக்கா! வர்றியா, இல்ல நான் கிளம்பட்டுமா?”

“வர்றேன்டா, உயிரை வாங்காதே!”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“இன்னொண்ணு. அழுக்குத் துணிக்கூடைக்கு அடியில ஒரு கேன் இருக்கு, எடுத்துப் பாருங்க. நம்ம வண்டி ஓடுறது உங்க கைராசியில இல்லை. நம்ம பீப்பாய்ல டீசல் நிரப்புறப்பல்லாம், நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, உங்களுக்குத் தெரியாம அந்த மருந்தை நான்தான் ஊத்திக்கிட்டு வர்றேன்.”